ஆறு வருடம் நின்ற காஸ்ட் அயர்ன் புல்லட் 350: எதில் கை வைப்பது முதலில்?

மண்கார்டு எழுதியது:

வணக்கம். 1994 மாடல் புல்லட் ஸ்டாண்டர்டு 350 கைக்கு வந்திருக்கிறது. காஸ்ட் அயர்ன் எஞ்சின், 4 கியர், வலது காலில் கியர், 12 வோல்ட், பாயிண்ட் இக்னிஷன் (திறந்து மூடும் தொடுமுனை மூலம் பொறி). ஆறு வருடமாக ஓடாமல் நின்ற வண்டி.

புது பேட்டரி போட்டு, கார்புரேட்டரைக் கழுவி, தனி பாட்டிலில் பெட்ரோல் கொடுத்தால் இருபது முப்பது கிக்கில் ஸ்டார்ட் ஆகிறது. கிக்கர் ரொம்ப கனம். ஸ்டார்ட் ஆனதும் எதிர்வீடு தெரியாத அளவுக்குப் புகை. டிப்ஸ்டிக்கில் ஆயில் கீழ்க்கோட்டைத் தொடவே இல்லை, ஆனால் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. சில சமயம் கிக்கர் திருப்பி அடிக்கிறது. ஸ்லோ (ஆக்சிலரேட்டர் தொடாத ஓட்டம்) நிற்கவில்லை. வலது பக்கம் டிக் டிக் என்று சத்தம். டேங்க் உள்ளே துரு.

மொத்தமாகப் பிரித்துவிடலாம் என்று இருக்கிறேன். சேசிஸுக்கு பவுடர் கோட்டிங், மேட் பச்சை பெயிண்ட், 60 சைஸ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 60 பங்கு பெரிய) பிஸ்டன் போட்டு போரிங் அல்லது நேராக 500 கிட் (எஞ்சினை 500 சி.சி. ஆக்கும் பாகங்கள்), எலக்ட்ரானிக் இக்னிஷன், குட்டை சைலன்சர். ஆர்.சி. 2019-ல் முடிந்துவிட்டது, பேரும் மாற்றவில்லை. எந்த வரிசையில் போவது?

டைமிங்கவர் எழுதியது:

பிரிக்காதீர்கள். ஓடுகிற எஞ்சின் தன் கோளாறைத் தானே சொல்லும். பிரித்துப் பெட்டியில் போட்ட எஞ்சின் எதுவும் சொல்லாது. நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது.

டிப்ஸ்டிக்கில் ஆயில் இல்லை, தரையிலும் இல்லை, கிக்கர் கனம், புகை. நான்கும் ஒரே விஷயம்: வெட் சம்ப்பிங், அதாவது ஆயில் இடம் மாறி நிற்பது. இந்த எஞ்சினில் ஆயில் டேங்க் தனியாக இல்லை, கிராங்க் கேஸின் பின்பகுதியே டேங்க். வண்டி மாதக்கணக்கில் நின்றால் ஆயில் பம்ப் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஃப்ளைவீல் சுற்றும் இடத்தில் போய் நிரம்பிக்கொள்ளும். அதைக் கலக்கிக்கொண்டுதான் நீங்கள் கிக் அடிக்கிறீர்கள். ரிங் தேய்ந்துவிட்டது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம்.

எஞ்சின் அடியில் டேங்குக்கு ஒரு டிரெய்ன் பிளக், கிராங்க் கேஸுக்கு ஒன்று. இரண்டையும் கழற்றி, தனித்தனிப் பாத்திரத்தில் வடித்து அளந்து பாருங்கள். கிராங்க் கேஸில் இருந்து அரை லிட்டருக்கு மேல் வந்தால் சந்தேகமே இல்லை. வடித்ததை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். சாம்பல் நிறப் பொடி வந்தால் வழக்கமான தேய்மானம். பித்தளை நிறத்தில் மின்னும் செதில் வந்தால் புஷ் (தண்டு சுற்றும் உலோக உறை) எங்கோ உதிர்கிறது, அப்போது மட்டும் ஸ்டார்ட் பண்ணுவதை நிறுத்திவிடுங்கள்.

டைமிங் கவரில் இருக்கும் ஃபெல்ட் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஸ்பிரிங், கப், வாஷர் எந்த வரிசையில் வெளியே வருகிறதோ அதைப் போட்டோ எடுத்து வையுங்கள். புது ஃபில்டர் போட்டதும் அந்த அறையில் கையாலேயே ஆயில் ஊற்றி நிரப்பிவிட்டுத்தான் மூட வேண்டும். காலியாக மூடினால் அது நிரம்புகிற வரை பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடின் கீழ்முனைப் பேரிங்) ஆயில் போகாது, எஞ்சின் காய்ந்தே ஓடும். நிறைய பிக் எண்ட் செத்தது இந்த ஒரு நிமிஷத்தில்தான்.

ஆயில் 20டபிள்யூ50, மொத்தம் சுமார் 2.25 லிட்டர். ஊற்றியபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு ஒரு முப்பது நாற்பது கிக் அடியுங்கள். ஹெட்டில் வால்வை அழுத்தும் ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் பாஞ்சோ போல்ட்டை (உள்ளே ஆயில் துளையுள்ள போல்ட்) இரண்டு சுற்று தளர்த்தி வைத்தால் அங்கே ஆயில் கசிவது தெரியும். தெரிந்த பிறகுதான் பிளக்கை மாட்டி ஸ்டார்ட்.

ஒருவேளை வராவிட்டால் டைமிங் கவரைத் திறக்க வேண்டிவரும். அப்போது கவனிக்க இரண்டு உண்டு. கிராங்க் முனைக்கு ஆயில் போகும் இடத்தில் ஒரு சின்ன சீல் இருக்கும், பழைய வண்டிகளில் கார்க். கவரைத் திறந்தாலே அதை மாற்றிவிடுங்கள். பழையது நசுங்கி இருந்தால் ஆயில் பிக் எண்டுக்குப் போகாமல் பக்கத்திலேயே வழிந்துவிடும். இன்னொன்று, பம்பை ஓட்டும் வார்ம் நட் இடது மரை. அதாவது வழக்கத்துக்கு எதிராகச் சுற்றினால்தான் கழலும். இது தெரியாமல் நீளமான ஸ்பானர் போட்டு இறுக்கி மரையை அறுத்தவர்கள் ஏராளம்.

வலது பக்க டிக் டிக்: டேப்பெட் கவரைத் திறந்து பாருங்கள். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் மேலே இருக்க வேண்டும். இந்த வண்டிக்கு ஃபீலர் கேஜ் கணக்கு கிடையாது. புஷ்ராடை (ராக்கரைத் தள்ளும் கம்பி) இரண்டு விரலில் பிடித்துச் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். ஆட்டம் இருந்தால் சத்தம். சுற்றவே வராமல் இறுகியிருந்தால் இன்னும் மோசம்: வால்வு முழுசாக உட்காராது, கம்ப்ரஷன் கசியும், எக்ஸாஸ்ட் வால்வு ஓரம் கருகும். செக் நட்டை இறுக்கும்போது அட்ஜஸ்டர் கூடவே திரும்பும், அதனால் இறுக்கியபின் மறுபடி ஒருமுறை சுற்றிப் பார்ப்பது கட்டாயம்.

ஆம்பியர்முள் எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் சரி. திருப்பி அடிக்கிறதே, அதை மட்டும் அசால்ட்டா விடாதீங்க. கணுக்கால் போகும், கிக்கர் பல்லும் போகும்.

திருப்பி அடிச்சா டைமிங் அட்வான்ஸ் ஆகி நிக்குது, அதாவது பொறி முன்கூட்டியே விழுதுன்னு அர்த்தம். ஆறு வருஷம் நின்ன வண்டில முதல் குற்றவாளி பாயிண்ட் பிளேட்டுக்குக் கீழ இருக்கிற ஆட்டோ அட்வான்ஸ் யூனிட். ரெண்டு எடை, ரெண்டு ஸ்பிரிங். கிரீஸ் காய்ஞ்சு எடைங்க விரிஞ்ச நிலையிலேயே ஒட்டிக்கும். வெளிய எடுத்து மண்ணெண்ணெய்ல கழுவி, கையால திருப்பி விட்டா ஸ்பிரிங் தானா ‘டப்’புன்னு இழுத்துக்கணும். சோம்பலா திரும்பினா ஸ்பிரிங் ரெண்டையும் மாத்துங்க. போடும்போது லேசான ஆயில் ஒரு சொட்டு போதும், கிரீஸ் வேண்டாம்.

அடுத்து பாயிண்ட். கேம் உச்சத்துல நிக்கும்போது கேப் 0.35லேர்ந்து 0.40 மி.மீ. முதல்ல கேப், அப்புறம்தான் டைமிங். கேப்பை மாத்தினா டைமிங்கும் நகர்ந்துடும், தலைகீழா செஞ்சா ரெண்டு தடவை வேலை. பாயிண்ட் முகம் நீலமா கருகியிருந்தா கண்டன்சரும் சேர்த்து மாத்துங்க. பாயிண்டை மட்டும் மாத்தினா ஒரு மாசத்துல அதே கதை.

டைமிங்: அட்வான்ஸ் யூனிட் முழுசா மூடின நிலைல, பிஸ்டன் மேல் முனைக்கு 0.8 மி.மீ. கீழ இருக்கும்போது பாயிண்ட் திறக்க ஆரம்பிக்கணும். பிளக் ஓட்டை சாய்வா இருக்கிறதால உள்ள விட்ட கம்பியோட அளவு ஏமாத்தும். மேல் முனை பக்கத்துல பிஸ்டன் நகர்றதே தெரியாது, கிராங்க் மட்டும் திரும்பிட்டே இருக்கும். கிராங்க்ல டிகிரி தகடு மாட்ட முடிஞ்சா அந்த 0.8 மி.மீ. ஏறக்குறைய 10 டிகிரி. எஞ்சினை முதல்ல அதுக்கும் பின்னால கொண்டுபோய், ஓடுற திசையிலயே மெதுவா முன்னால கொண்டு வாங்க. இல்லன்னா டைமிங் பல்சக்கரங்களுக்கு நடுவுல இருக்கிற தளர்வு கணக்கைக் கெடுக்கும்.

பாயிண்ட் திறக்கிற நொடியைப் பார்க்கத் தனி கருவி எதுவும் வேண்டாம். சாவியைப் போட்டுட்டு ஆம்பியர் மீட்டரைப் பாருங்க. பாயிண்ட் மூடியிருந்தா காயில்ல கரண்ட் ஓடும், முள் மைனஸ் பக்கம் சாயும். திறந்த கணம் நடுவுக்கு வந்துடும். வண்டியை ஸ்டார்ட் பண்றதும் இதே முள்ளை வச்சுதான்: கிக்கரை மெதுவா அழுத்தி முள் நடுவுக்கு வர்ற இடத்துல நிறுத்தி, டீகம்ப்ரஸரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளிய விடுற லீவர்) பிடிச்சுக் கொஞ்சமா தாண்டவிட்டு, கிக்கரை மேல கொண்டுவந்து, டீகம்ப்ரஸரை விட்டுட்டு ஒரே மிதி. பலத்துக்கு இதுல வேலையே இல்ல. முப்பது கிக் அடிக்கிறவங்க பெரும்பாலும் முள்ளைப் பார்க்காம அடிக்கிறவங்க.

அந்த மீட்டர் பின்னாடி இருக்கிற ரெண்டு நட்டையும் சோதிங்க. பேட்டரி கரண்ட் அது வழியாதான் போகுது. லூஸா இருந்தா மேடுபள்ளத்துல எஞ்சின் வெட்டும். முனை ஹெட்லைட் டூமோட உடம்புல உரசினா வயரிங் முழுக்க எரியும். ரெண்டு முனைக்கும் ரப்பர் தொப்பி போட்டு, பேட்டரிக்குப் பக்கத்துலயே 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒண்ணு சேர்த்துடுங்க.

எலக்ட்ரானிக் இக்னிஷன் நல்ல விஷயம்தான், தப்பு சொல்லல. ஆனா சார்ஜிங் சரியா இல்லாத வண்டில போட்டா நடுரோட்டுல நிப்பீங்க. பேட்டரி பலவீனமா இருந்தாலும் பாயிண்ட் எப்படியாவது ஒரு பொறி தரும். எலக்ட்ரானிக் பெட்டிக்கு வோல்டேஜ் குறைஞ்சா சுத்தமா மௌனம். முதல்ல பாயிண்ட்ல வண்டி ஒழுங்கா ஓடட்டும்.

மண்கார்டு எழுதியது:

இருவருக்கும் நன்றி. கிராங்க் கேஸில் இருந்து 800 மி.லி. வந்தது! துணியில் சாம்பல் பொடி மட்டும்தான். எக்ஸாஸ்ட் புஷ்ராட் விரலால் சுற்றவே வரவில்லை, இன்லெட் பக்கம் நல்ல ஆட்டம். அட்வான்ஸ் யூனிட் பாதி விரிந்து ஒட்டியிருந்தது. எல்லாம் சரி செய்தபின் ஆறிய எஞ்சினில் மூன்றாவது கிக்கில் ஸ்டார்ட். ஐந்து நிமிடத்தில் புகை அடங்கிவிட்டது. ஆனால் ஆக்சிலரேட்டரை விட்டாலும் ஆர்.பி.எம். உடனே இறங்குவதில்லை, உச்சியிலேயே தொங்குகிறது. சூடானதும் ராக்கர் கவர், டைமிங் கவர், பிரைமரி கவர் என எல்லா இடத்திலும் ஆயில் வியர்க்கிறது. எல்லா பேக்கிங்கையும் மாற்றி, அந்தச் சாக்கில் எஞ்சினை இறக்கிவிடலாமா? இறக்கினால் போரிங், 500 கிட் பற்றியும் சொல்லுங்கள்.

கார்க்சீல் எழுதியது:

ஒரே நேரத்தில் எல்லா மூட்டிலும் ஆயில் வியர்த்தால் அது பேக்கிங்கின் குற்றம் இல்லை, உள்ளே காற்றழுத்தம். பிஸ்டன் இறங்கும்போது கிராங்க் கேஸ் காற்று வெளியேற ஒரு ப்ரீதர் உண்டு. அதன் முனையில் வாத்து அலகு மாதிரி ஒரு ரப்பர், காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. ஆறு வருடத்தில் அது கல்லாகி ஒட்டியிருக்கும். சின்ன ரப்பர்தான், அதை மாற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அதன்பிறகும் எங்கே கசிகிறதோ அந்த பேக்கிங்கை மட்டும் மாற்றினால் போதும்.

பிரைமரி கவர் தனிக் கதை. அந்தப் பெரிய கவர் முழுக்க நடுவில் ஒரே ஒரு நட்டில் நிற்கிறது. கசிகிறதே என்று அந்த நட்டை இறுக்க இறுக்க கவர் நடுவில் குழிந்து ஓரம் தூக்கிக்கொள்ளும், கசிவு கூடும். புது ரப்பர் பீடிங் போட்டு மிதமாக இறுக்குங்கள்.

அதைத் திறந்ததும் உள்ளே பார்க்க வேண்டியவை உண்டு. டூப்ளெக்ஸ் (இரட்டை வரிசை) செயினை நாலைந்து இடத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள், மிக இறுக்கமான இடத்தில் 6 மி.மீ. தளர்வு இருக்க வேண்டும். தளர்ந்த இடத்தில் அளந்து செட் செய்தால் இறுகிய இடம் வரும்போது மெயின் பேரிங்கை இழுக்கும். ஆல்டர்னேட்டரில் ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே சுற்றிலும் குறைந்தது 0.2 மி.மீ. ஃபீலர் நுழைய வேண்டும். ஒரு பக்கம் நுழையாமல் அங்கே பளபளவென்று உரசல் தடம் தெரிந்தால் ஸ்டேட்டர் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, அல்லது மெயின் பேரிங் போய்விட்டது.

நெடுஞ்சாலை ஓட்டம்தான் உங்கள் எண்ணம் என்றால், கிளட்ச் கழன்றிருக்கும் இந்த நேரத்திலேயே கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டை 16 பல்லில் இருந்து 17 ஆக்கிவிடுங்கள். அது கிளட்சுக்கும் உள் கவருக்கும் பின்னால் ஒளிந்திருக்கிறது, பிறகு தனியாகச் செய்தால் இதே வேலை மறுபடி. அதே வேகத்துக்கு எஞ்சின் சுற்று 6 விழுக்காடு குறையும். மலைப்பாதையும் இரட்டைச் சவாரியும் அதிகம் என்றால் 16-லேயே விடுங்கள். பின் ஸ்ப்ராக்கெட் பிரேக் டிரம்மோடு சேர்ந்த வார்ப்பு. பல் தேய்ந்திருந்தால் டிரம்மையே மாற்ற வேண்டும், அதனால் செயின் வாங்கும் முன் அதைப் பாருங்கள்.

ஆர்.பி.எம். தொங்குவது காற்றுக் கசிவு. கார்புரேட்டர் ஃப்ளாஞ்சைக் கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள், இரண்டு காதும் உள்பக்கம் வளைந்திருக்கும். பல வருடம் நட்டை முரட்டுத்தனமாக இறுக்கியதன் பலன். கண்ணாடி மேல் 400 நம்பர் எமரித் தாளை விரித்து, எண்ணெய் தொட்டு, எட்டு வடிவில் தேய்த்துச் சமமாக்குங்கள். இப்போது கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் பெட்ரோலில் கலவை இயல்பாகவே கொஞ்சம் மெலியும். ஊசியை ஒரு காடி மேலே தூக்கி பிளக் நிறம் பாருங்கள். எத்தனால் பழைய ரப்பரையும் பெட்ரோல் காக்கின் (டேங்க் அடியிலுள்ள திருகு) கார்க்கையும் தின்னும், அதனால் பெட்ரோல் குழாயும் காக்கும் புதிது. டேங்க் துருவுக்கு 10 விழுக்காடு சிட்ரிக் அமிலக் கரைசல் ஒரு நாள், பின் சோடா மாவு கலந்த தண்ணீரில் அலசி, உடனே சூடான காற்றில் உலர்த்தல். ஈரத்தோடு ஒரு மணி நேரம் விட்டாலே ஆரஞ்சுத் துரு திரும்பி வந்துவிடும்.

இனி போரிங். 60 சைஸ் என்று முன்கூட்டியே முடிவு செய்வது ஏன்? அதுதான் கடைசி சைஸ், அதற்கப்புறம் ஸ்லீவ் (பேரலுக்குள் புது உருளை) தான். போரை மேலே ரிங் ஏறும் இடத்திலும் அடியிலும் அளந்து பாருங்கள். 8 தவுக்குள் (ஒரு தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தேய்மானம், கீறல் இல்லை, புகையும் அடங்கிவிட்டது என்றால் தொடவே வேண்டாம். தேவைப்பட்டால் 20 சைஸில் சுத்தமாகிறதா என்று பார்த்து அப்புறம் அடுத்தது. பிஸ்டனை முதலில் வாங்கி, கையில் கொடுத்து, அந்தப் பிஸ்டனை அளந்துதான் லேத்தில் போர் அடிக்க வேண்டும். பிஸ்டனின் அடிப்பாகமான ஸ்கர்ட்டில் 3 முதல் 4 தவு இடைவெளி. புதுக் கார் எஞ்சின் பழக்கத்தில் இரண்டு தவுக்கு அடிப்பவர்கள் உண்டு. இரும்பு பேரல், அலுமினியப் பிஸ்டன், காற்றுக் குளிர்ச்சி: முதல் நெடும்பயணத்திலேயே பிடித்துக்கொள்ளும். ரிங் இடைவெளி 0.30 மி.மீ. சுற்றி. பேரல் கழன்ற நேரத்தில் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடினால் பயப்பட வேண்டாம், ஃப்ளோட்டிங் புஷ்ஷின் குணம் அது. மேல்கீழ் ஆட்டம் துளி இருந்தாலும் கிராங்க் வெளியே வர வேண்டும்.

500 கிட்: 350-க்கு போர் 70, ஸ்ட்ரோக் 90 மி.மீ. 500-க்கு ஸ்ட்ரோக் அதே 90, போர் மட்டும் 84. அதனால்தான் பார்க்க எளிதாகத் தெரிகிறது. கிராங்க் கேஸின் வாயை லேத்தில் அகலப்படுத்த வேண்டும், கனமான பிஸ்டனுக்கு ஃப்ளைவீலை மறுபடி பேலன்ஸ் செய்ய வேண்டும், கார்புரேட்டரும் பெரிதாக வேண்டும். பேலன்ஸ் செய்யாமல் விட்டால் கைப்பிடியில் மட்டுமா, டேங்க் வெல்டிங் வரை அதிரும். அதே செலவில் பிரேக்கைச் சரிசெய்யுங்கள் என்பேன். 18 குதிரைத்திறனையே நிறுத்தத் திணறும் டிரம் பிரேக் அது. டிரம்மை லேத்தில் வட்டமாக்கி, லைனர் ஒட்டிய ஷூவை டிரம்முக்குப் பொருந்தும்படி சீவி, பிரேக்கை அழுத்திய நிலையில் கேபிளும் டிரம்மிலுள்ள கையும் 90 டிகிரியில் நிற்கும்படி வைத்தாலே வேறு வண்டி மாதிரி இருக்கும்.

ஃபார்ம்29 எழுதியது:

பேப்பர் பற்றி யாரும் சொல்லவில்லை. பெயிண்ட் டப்பா வாங்கும் முன் இதைப் படியுங்கள்.

முதலில் எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் கார்பன் பேப்பர் வைத்துத் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பழைய புல்லட்டில் கிராங்க் கேஸ் மாறிய வண்டி சகஜம். பேர் மாற்ற ஃபார்ம் 29, 30. வேறு ஆர்.டி.ஓ. எல்லை என்றால் தடையில்லாச் சான்றுக்கு ஃபார்ம் 28. முடிந்த ஆர்.சி.யைப் புதுப்பிக்க ஃபார்ம் 25, ஐந்து வருடத்துக்குக் கிடைக்கும். வண்டியை நேரில் காட்ட வேண்டும். அதனால் ஒரிஜினல் சைலன்சர், இண்டிகேட்டர், கண்ணாடி, நிறம் எல்லாம் அப்படியே இருக்கும்போதே காட்டி முடித்துவிடுங்கள். பிறகு நிறம் மாற்றினால் அதையும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

500 கிட் போட்டால் ஆர்.சி.யில் உள்ள சி.சி.யும் வண்டியும் ஒத்துப்போகாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. 182ஏ(4) பிரிவின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட. விபத்தாகிவிட்டால் இன்சூரன்ஸ்காரருக்கும் அதுவே சாக்கு. ‘விண்டேஜ்’ ஆகப் பதிவு செய்யலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2021 விதிப்படி அதற்கு 50 வயது ஆக வேண்டும், ‘வி.ஏ.’ நம்பரோடு தினசரி ஓட்டவும் முடியாது.

பவுடர் கோட்டிங் போடக் கொடுக்கும்போது ஹெட்ஸ்டாக்கில் உள்ள சேசிஸ் நம்பரை டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். தடியான பூச்சில் நம்பர் மூழ்கிவிட்டால் அடுத்த ஆய்வில் ‘அழிக்கப்பட்டுள்ளது’ என்று எழுதிவிடுவார்கள். எஞ்சின் மவுண்ட் முகங்கள், ஸ்விங் ஆர்ம் புஷ் துளை, எர்த் போல்ட் இடம் இவற்றையும் மறைக்க வேண்டும். எர்த் இடத்தில் பூச்சு ஏறினால் ஆம்பியர்முள் சொன்ன வேலையெல்லாம் வீண்.

மண்கார்டு எழுதியது:

ப்ரீதர் ரப்பர் உண்மையிலேயே கல் மாதிரி இருந்தது. மாற்றியதும் டைமிங் கவர் காய்ந்துவிட்டது. ஹெட் அடியில் மட்டும் லேசாக ஈரம். ஹெட் நட்டை இறுக்கலாமா?

டைமிங்கவர் எழுதியது:

இறுக்கலாம். ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில், குறுக்கு மறுக்காக, ஒவ்வொரு நட்டுக்கும் கால் சுற்றுக்கு மேல் போகாமல். முடித்ததும் புஷ்ராடைத் திரும்பச் சுற்றிப் பாருங்கள். ஹெட் இறங்கினால் ராக்கரும் இறங்கும், நேற்று சுற்றிய புஷ்ராட் இன்று இறுகியிருக்கும்.